வரிசையை வெட்டாமல் அச்சிடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு பதிப்பில் வெளியாகும் வாசகர் படப் பக்கத்தைக் குறைகூறி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் படித்தேன். ஜன்னல் வரிசை, படிக்கட்டு, தகரக் கூரையின் மடிப்பு, கடையில் அடுக்கிய கூடை என்று இளைஞர்கள் எடுத்து அனுப்புவதையெல்லாம் அச்சிடுவது இட விரயம் என்கிறார் அவர். ஆள் இல்லாத படத்தில் பார்க்க எதுவும் இல்லையாம். திருவிழாவையும் குடும்பத்தையும் குழந்தைகளின் முகத்தையும் போட வேண்டுமாம். அந்தக் கோரிக்கைக்கு நீங்கள் இணங்கிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. சுருக்கினால் சொல்ல வந்தது போய்விடும் என்பதால் அப்படியே அனுப்புகிறேன்.

நான் கோலாலம்பூர் செந்தூல்வாசி. ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புக் குழுவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். படம் பிடிக்க எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஆனால் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மண்டோர், அதாவது குழுவின் மேற்பார்வையாளர். தண்டவாளம் நேராக இருக்கிறதா என்று அறிய அவர் அதன் அருகே மண்டியிடுவார். கன்னம் இரும்பில் படும் அளவுக்குத் தலையைத் தாழ்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் நீளத்தையே பார்ப்பார். நின்று பார்க்கும்போது நூல் பிடித்தாற்போல் தெரிகிற தண்டவாளம், குனிந்து பார்த்தால் தன் கோணல் அத்தனையையும் காட்டிவிடும். நீளம் முழுவதும் கண்ணுக்குள் சுருங்கி வந்துவிடுவதால், பக்கவாட்டில் ஒரு விரல் கனம் விலகியிருந்தாலும் உறுத்தும். அவர் கையை இடப்பக்கம் அசைப்பார். கடப்பாறையுடன் நிற்கும் நாங்கள் ஒரே மூச்சில் தள்ளுவோம். கை நின்றதும் நிறுத்துவோம்.

அன்றிலிருந்து எந்த வரிசையைப் பார்த்தாலும் அதை அமைத்தவர் கை எங்கே தெரிகிறது என்றுதான் முதலில் தேடுகிறேன். நம் நாட்டின் பழைய ரயில் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே அகலம் ஒரு மீட்டர். 1885-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் பாதை திறந்த காலத்திலிருந்து அந்த அளவு மாறவில்லை. தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகள் மரத்தில் இருந்தவரை ஒன்றைப்போல் ஒன்று இருந்ததே இல்லை. ஒரு கெம்பாஸ் மரக்கட்டை வெடித்திருக்கும். இன்னொன்றில் பழைய ஆணித் துளைகள் இருக்கும். புதிதாக மாற்றியது மட்டும் மருந்தெண்ணெய் குடித்துக் கறுத்துக் கிடக்கும். இப்போது பெரும்பாலும் கான்கிரீட் கட்டைகள். மரக்கட்டைப் பாதையை மேம்பாலத்திலிருந்து எடுத்த பழைய படம் ஒன்றைக் காட்டினால், எந்தக் கட்டைகளை மாற்றினார்கள், எங்கே மழைநீர் தேங்கிச் சரளைக்கல் இறங்கியது என்று எங்கள் குழுவில் இருந்த எவரும் சொல்லிவிடுவார்கள். ஆளே தெரியாத அந்தப் படத்தில் எங்கள் பல வருட உழைப்பு தெரியும்.

படக்கலையின் தொடக்கத்திலேயே இப்படி ஒரு படம் இருக்கிறது. இன்று எஞ்சியிருக்கும் நெகட்டிவ்களில் மிகப் பழையது, இங்கிலாந்தின் லாக்கொக் அபி மாளிகையில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1835 ஆகஸ்டில் எடுத்தது. தபால்தலை அளவுள்ள காகிதத் துண்டு அது. சிறு சிறு கண்ணாடிகள் பதித்த ஒரு ஜன்னல்தான் அதில் இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை. படம் புதிதாக இருந்தபோது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 200 கண்ணாடிச் சதுரங்களையும் எண்ண முடிந்தது என்று டால்பட் தம் கையால் குறித்து வைத்திருக்கிறார். தம் கருவி எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறது என்பதற்கு அவர் காட்டிய சான்று அந்த எண்ணிக்கை. ஒரு ஜன்னலின் குறுக்குக் கம்பிகளில் பார்க்க எதுவும் இல்லை என்று அவருக்குத் தோன்றவில்லை.

அது கிடக்கட்டும். ஆள் உள்ள படங்கள் நம்மிடம் குறைவா? நம் வீட்டு ஆல்பங்கள் முழுவதும் ஆட்கள்தாம். எங்கள் உறவில் சில குடும்பங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் நூறு குவார்ட்டர்ஸ் என்று எல்லோரும் சொல்லிவந்த அரசு ஊழியர் வரிசை வீடுகளில் வாழ்ந்தவை. அந்த வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. அவை எப்படி அமைந்திருந்தன என்று பேரப்பிள்ளைகள் கேட்டபோது ஆல்பங்களைப் புரட்டினோம். மாமா வேட்டியுடன் வாசலில் நிற்கிறார். அத்தை மடியில் குழந்தை. பொங்கல் பானை, சடங்கு வீட்டுப் பந்தல், புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிள், அதன்மேல் ஏறி உட்கார்ந்த சிறுவர்கள். ஒவ்வொரு படத்திலும் அவர்களுக்குப் பின்னால் அரைக் கதவு, கால் ஜன்னல், தூணில் ஒரு துண்டு. தெருவின் இந்த முனையில் நின்று அந்த முனைவரை வரிசை முழுதாகத் தெரிய எடுத்த படம் எந்த ஆல்பத்திலும் இல்லை. எதிர்வீட்டுத் திண்ணை எவ்வளவு தூரத்தில் இருந்தது, கொடியில் துணி காயப்போட்டால் எத்தனை வீட்டுக்குத் தெரியும், ஒரு வீட்டில் சண்டை வந்தால் எத்தனை கதவு திறக்கும் என்பதையெல்லாம் அந்தப் படங்களிலிருந்து அறிய முடியவில்லை. முகங்கள் அத்தனையும் கைவசம் இருக்கின்றன. அவர்கள் அண்டை அயலாக வாழ்ந்த விதம்தான் எங்கும் பதிவாகவில்லை.

தோட்டத்து லயங்களுக்கும் இதே கதிதான் என்பதை இந்தப் பத்திரிகையின் மூத்த வாசகர்கள் ஒப்புக்கொள்வார்கள். லயத்து வாசலில் நின்று எடுத்த குடும்பப் படம் எத்தனையோ வீடுகளில் மாட்டியிருக்கிறது. ஆனால் ஒரே கூரையின் கீழ் கதவுக்குப் பின் கதவாக நீண்ட அந்த லயத்தையே, எவரையும் முன்னால் நிறுத்தாமல், கடைசிக் கதவுவரை தெரியும்படி எடுத்தவர் எத்தனை பேர்? அந்த நீளத்தைப் பார்த்தால்தான் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு இடம் அளந்து கொடுத்தார்கள் என்பது புரியும்.

ஜெர்மனியில் பெர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற கணவன் மனைவி இருவர் 1959 முதல் பல்லாண்டுகள் இந்த வேலையையே செய்தார்கள். நீர்த்தொட்டிக் கோபுரங்கள், சுரங்கங்களின் பாரந்தூக்கிக் கோபுரங்கள், உருக்காலை உலைகள், தொழிலாளர் ஊர்களின் மரச்சட்ட வீடுகள் ஆகியவற்றை நேர் எதிரே நின்று, மேகம் மூடிய நாட்களில், நிழல் விழாதபடி எடுத்தார்கள். ஒரே வகைக் கட்டடங்களின் படங்களைக் கட்டம் கட்டமாக வரிசைப்படுத்திச் சுவரில் மாட்டினார்கள். ஆட்கள் இருக்கமாட்டார்கள். அவர்கள் படமெடுத்த தொழிற்கூடங்கள் பலவும் பின்னர் மூடப்பட்டு இடிக்கப்பட்டன, படங்கள் இருக்கின்றன. 1990-ல் வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சி அவர்களுக்குத் தங்கச் சிங்கம் விருது கொடுத்தது, அதுவும் சிற்பத்துக்கான விருது. மேகம் மூடிய வானத்துக்குக் கோலாலம்பூரில் ஒருநாளும் பஞ்சம் இல்லை. நம் பிள்ளைகளும் இதைச் செய்யலாம்.

பெரிய கட்டடத்தைத் தேடி அலையவும் வேண்டாம். செந்தூலில் நான் தேநீர் குடிக்கும் கடையில் ரொட்டி சானாய்க்கு மாவு பிடிக்கும் நேரம் பிற்பகல். பிசைந்து வைத்த பெரிய மாவிலிருந்து கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கிப் பிதுக்கி உருண்டை எடுத்து, எண்ணெய் தடவிய தட்டில் இடமிருந்து வலமாக அடுக்குவார்கள். தட்டு நிரம்பியதும் பக்கவாட்டில், கண் மட்டத்துக்குத் தாழ்ந்து பாருங்கள். முதலில் வைத்த உருண்டைகள் இளகிச் சற்றே பரந்துவிட்டிருக்கும். கடைசியில் வைத்தவை இன்னும் திரண்டு நிற்கும். நடுவில் எங்காவது வாடிக்கையாளர் யாரோ வந்து பேச்சுக் கொடுத்திருப்பார். அங்கே உருண்டையின் அளவு கொஞ்சம் மாறியிருக்கும். அந்தத் தட்டை எடுத்த ஒரு படத்தில், வேலை தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் நடுவில் நேர்ந்த இடையூறும் பதிவாகிவிடுகின்றன. மாஸ்டரின் முகத்தையும் எடுங்கள், அவர் அனுமதித்தால். ஆனால் அவருடைய விரல்களைப் பற்றி அந்தத் தட்டு சொல்லும் அளவுக்கு அவர் முகம் சொல்லாது.

எப்படி எடுப்பது என்று இளைஞர்கள் கேட்கக்கூடும் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். வரிசைக்கு முன் நிற்க இரண்டே இடங்கள் உண்டு என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒன்று, அதன் நேர் எதிரே. அப்படி நின்றால் ஒவ்வொன்றும் ஒரே அளவில் தெரியும். அவற்றுக்குள் உள்ள வேறுபாட்டை ஒப்பிடலாம். மற்றொன்று, எங்கள் மண்டோரைப் போல அதன் நீளவாக்கில். அப்படிப் பார்த்தால் வேறுபாடு மறைந்து ஒழுங்கும் கோணலும் மேலே வரும். இரண்டுக்கும் நடுவே அரைகுறையாகச் சாய்ந்து நின்று எடுப்பதால்தான் பல படங்கள் சோர்ந்துபோகின்றன. எதிரே நின்றால் கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். மேல்நோக்கிச் சாய்த்தால் தூண்களும் ஜன்னல்களும் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். திரையில் கட்டக்கோடுகளைக் காட்டும் வசதி பெரும்பாலான கைப்பேசிகளில் இருக்கிறது. நீள வரிசைக்குப் பனோரமா வசதியைப் பயன்படுத்தவே வேண்டாம். நேர்க்கோட்டை அது வில்லாக வளைத்துவிடும்.

ஜாலான் துன் எச்.எஸ். லீ பக்கத்தில் உள்ள பழைய கடைவீடுகளின் ஐந்தடியில், அதாவது கடைமுன் உள்ள கூரையிட்ட நடைபாதையில், நின்று தூண்களை எடுக்கும்போது இன்னொன்றும் விளங்கும். அருகில் நின்று அகல லென்ஸில் எடுத்தால் முதல் தூண் பூதாகாரமாகவும் அடுத்தவை ஓடி ஒளிவதாகவும் தெரியும். தெருவின் மறுகோடிக்குப் போய் அங்கிருந்து பெரிதாக்கி எடுத்தால் தூண்கள் நெருங்கி நிற்கும், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல. இதை லென்ஸ் செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். நாம் நிற்கும் தூரம்தான் செய்கிறது. 1881-ல் தீயும் வெள்ளமும் இந்த நகரத்தை அழித்த பிறகு செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டச் சொன்னார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் செங்கல் சுட்டார்கள். காரை உதிர்ந்த பழைய சுவர் எங்கே தெரிந்தாலும் அந்தச் செங்கல் வரிசையை நெருங்கி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே யாராவது அதன்மேல் சாயம் பூசிவிடுவார்கள்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நண்பகலில் படம் எடுக்கக் கூடாது என்ற பாடத்தை நம் பிள்ளைகள் அப்படியே மனப்பாடம் செய்திருக்கிறார்கள். கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 3 பாகையில் இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நம் கடிகாரத்தில் அப்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். அந்த நேரத்து வெயில் சுவரை மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும். விரல் அளவு நீட்டியிருக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நீண்ட நிழல் விழும். மரச் சட்டங்கள் அடுக்கிய பழைய ஜன்னல் கதவுகளின் ஒவ்வொரு பலகையும் தனித்தனியாக எழுந்து நிற்கும். ஆகவே சுவருக்கு உச்சிவெயில் நல்லது. தரையில் கிடப்பவற்றுக்கு, அதாவது ஓடு பதித்த நடைபாதைக்கும் சௌகிட் சந்தையில் தலைகளை ஒரே பக்கம் வைத்து அடுக்கிய கெம்போங் மீனுக்கும், சூரியன் தாழ்ந்திருக்கும் காலை எட்டு மணிதான் சரி.

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பான வேண்டுகோள். தண்டவாளம் அழகான வரிசை என்பதில் எனக்கு இருவேறு கருத்து இல்லை. ஆனால் அதில் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். மின்ரயில்கள் அருகே வரும்வரை சத்தம் கேட்காது. தலைக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. கல்யாணப் படம் எடுக்கிறோம் என்று மணமக்களைத் தண்டவாளத்தில் நடக்கவைத்த படங்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. பாதசாரிகள் மேம்பாலத்தில் நின்று எடுங்கள். அங்கிருந்துதான் கட்டைகளின் வரிசையும் முழுதாகத் தெரியும். அத்தகைய படங்களை அனுப்புகிறவர்கள் எங்கே நின்று எடுத்தார்கள் என்று கேட்டு, தண்டவாளத்தில் இறங்கியிருந்தால் ஆசிரியர் நிராகரிக்க வேண்டும்.

திருவிழாவை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்துமலையின் 272 படிகளுக்கு 2018-ல் வண்ணம் பூசினார்கள். அடிவாரத்தில் நின்று முருகன் சிலையோடு சேர்த்து எடுத்த படம் உலகத்தில் எல்லோரிடமும் இருக்கிறது. தைப்பூசத்தன்று ஆற்றங்கரைப் பக்கம் போங்கள். எடுத்துச் செல்லத் தயாராகப் பால்குடங்களை வரிசையாக வைத்திருப்பார்கள். வாயை மஞ்சள் துணியால் மூடிக் கட்டிய முடிச்சு ஒவ்வொன்றும் வேறு கையால் போட்டது. ஒவ்வொன்றுக்குள்ளும் வேறு வேண்டுதல். குடத்துக்கு உரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, காலணியைக் கழற்றிவிட்டு, தாழக் குனிந்து அந்த வரிசையை எடுங்கள்.

இயற்கையில் உள்ள வரிசைகளுக்கு வருகிறேன். நம் கண்ணுக்கு மிக அதிகமாகப் படுவது செம்பனை. நகரத்தை விட்டு எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் அதுதான். அதை முக்கோண முறையில், மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர் விட்டு நடுகிறார்கள். ஒரு ஹெக்டருக்கு 140 மரம் அளவில் வரும். முக்கோணமாக நட்டதால், ஒரு மரத்தடியில் நின்றால் மூன்று திசைகளில் நேர் வரிசை ஓடுவதைக் காணலாம். ஓடும் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வரிசைகள் திறந்து திறந்து மூடும். திறக்கும் கணத்தில் எடுக்க வேண்டும். அருகே போனால் அடிமரத்தைப் பாருங்கள். ஓலையை வெட்டியபின் எஞ்சும் மட்டைக் கட்டைகள் சுழன்று சுழன்று மேலேறும். ஒரு பக்கமாக எண்ணினால் 8 சுழல், எதிர்ப்பக்கமாக எண்ணினால் 13. தோட்டத்தில் உர ஆய்வுக்காகப் பதினேழாவது ஓலையைத் தேடுகிறவர்கள் இந்தச் சுழலை நம்பித்தான் கண்டுபிடிக்கிறார்கள்: முதல் ஓலைக்கு நேராகக் கீழிறங்கும் சுழலில் அடுத்தது ஒன்பதாவது, அதற்கடுத்தது பதினேழாவது. அன்னாசிப் பழத்தின் கண்களையும் இப்படி எண்ணிப் பார்க்கலாம். சந்தையில் வாங்கி வந்து மேசையில் வைத்தே படமெடுக்கலாம்.

ரப்பரைப் பற்றிப் பேசும்போது எனக்கு நிதானம் குறைந்துவிடுகிறது. என் தாயார் பால் வெட்டியவர். விடியும் முன் அவர் தமக்குரிய நிரையில் இறங்கி, ஒவ்வொரு பால்மரமாக உளி வைத்துக்கொண்டே போவார். மரத்துப் பட்டையில் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து அந்த வெட்டு இறங்கும். பட்டைக்குள் பால்குழாய்கள் எதிர்ச்சாய்வாக ஓடுவதால், இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் வரும். ஆழம் போனால் மரம் கெடும். மேலோட்டமாக வெட்டினால் பால் பிடிக்கும் மங்கு நிரம்பாது. முன்தினம் வெட்டிய கோட்டை ஒட்டி, மெல்லிய சீவல் எடுத்து, அடுத்த கோடு. எஞ்சிய ரப்பர்த் தோட்டம் எங்காவது உங்களுக்குத் தெரிந்தால் ஒரு மரத்தின் வெட்டுப் பரப்பை மட்டும், பக்கவாட்டு வெளிச்சத்தில், நெருங்கி எடுத்து அனுப்புங்கள். கூர்ந்து பார்க்கிறவர்களுக்கு மெல்லிய சாய்கோடுகள் ஒன்றின்கீழ் ஒன்றாகத் தெரியும். ஒவ்வொரு கோடும் யாரோ ஒரு தாய் பிள்ளைகளைத் தூக்கத்தில் விட்டுவிட்டுக் கிளம்பிய ஒரு விடியற்காலை. ஆள் இல்லாத படம் என்று அதையும் ஒதுக்கச் சொல்வாரா அந்த வாசகர்?

கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போகிறவர்கள் கபூர் மரங்களின் கீழ் நின்று நிமிர்ந்து எடுக்கும் படம் ஒன்று உண்டு. மரத்துக்கு மரம் இலைக்கூட்டங்கள் தொடாமல் விலகி நிற்பதால், வானத்தில் ஓடைபோல் வெள்ளைக் கோடுகள் பின்னிக்கொண்டு தெரியும். காற்றில் உரசிக் கிளைநுனிகள் உதிர்வதால் இடைவெளி உண்டாகிறது என்பது ஒரு கருத்து. நுனித் தளிர்கள் அண்டை மரத்து நிழலை உணர்ந்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன என்பது மற்றொன்று. அதை எடுப்பவர்கள் காற்றில்லாத காலையில் போக வேண்டும். தரையில் மல்லாந்து படுத்தால் கை நடுங்காது.

இப்போது எனக்குப் பிடிக்காத ஒன்று. வரிசையைப் படமெடுத்தால் அதில் மாறுபட்ட ஒன்று கண்டிப்பாக இருக்க வேண்டும், கறுப்புக் குடைகளுக்கு நடுவே ஒரு சிவப்புக் குடை வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். பிள்ளைகள் அதற்காகக் கடையில் அடுக்கிய மாம்பழத்தின் நடுவே ஓர் ஆரஞ்சை வைத்து எடுத்து அனுப்புகிறார்கள். வேண்டாம். உண்மையான வரிசைக்குள் வேறுபாடு தானாகவே இருக்கிறது. அதைக் காணப் பொறுமை வேண்டும். வாசலில் கோலம் போடும் பெண்கள் புள்ளி வைப்பதை ஒருநாள் நின்று கவனியுங்கள். கையால் வைத்த புள்ளி எதுவும் மற்றதன் அச்சாக இருப்பதில்லை, ஆனாலும் வரிசை கலைவதில்லை.

அதைவிட மோசமானது நகலெடுத்து ஒட்டிய வரிசை. தீபாவளி இதழ் ஒன்றில் அகல் விளக்கு வரிசை என்று ஒரு படம் பார்த்தேன். எல்லாச் சுடரும் ஒரே பக்கம் ஒரே அளவு சாய்ந்திருந்தன. எல்லா விளக்கிலும் விளிம்பில் அதே கீறல். ஒரு விளக்கை எடுத்து, கணினியில் பெருக்கி அடுக்கியிருக்கிறார்கள். வரிசை நம்மை விட்டு விலகிப் போகும்போது ஒரு கணக்கு உண்டு: இரு மடங்கு தூரத்தில் இருப்பது பாதி அளவில் தெரியும். ஒட்டுப் படத்தில் இந்தக் கணக்கு உதைக்கும். இன்று செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இதைவிடத் திறமையாகவும் செய்யலாம். வெளிச்சத்தைக் கூட்டுவது, சாய்ந்த படத்தை நிமிர்த்துவது ஆகியவற்றை நான் குறைசொல்லவில்லை. இல்லாத செங்கல்லைச் சேர்த்தும், உடைந்த ஓட்டை நீக்கியும் வரிசையைச் சீராக்கினால், நாளைக்கு அதைச் சான்றாக எடுத்துப் பார்க்கிறவர் ஏமாந்துபோவார். ஞாயிறு பக்கத்தில் இத்தகைய படங்களுக்கு இடமில்லை என்று வெளிப்படையாக அறிவித்துவிடுங்கள்.

உங்கள் அச்சுக்கூடத்தைப் பற்றியும் ஒரு சொல். நாளிதழில் வெளியாகும் எந்தப் படமும் புள்ளி வரிசைகளால் ஆனதுதான் என்பதை நீங்கள் அறிவீர்கள். நான்கு மைகளின் புள்ளி வரிசைகள் ஒன்றோடொன்று மோதி அலையலையாய்க் கோலம் விழாமல் இருக்க, ஒவ்வொன்றையும் வேறு கோணத்தில் சாய்த்து வைக்கிறார்கள்; கறுப்பு வழக்கமாக 45 பாகையில். மொய்ரே என்கிற அந்த அலைக்கோலம், மெல்லிய கோடுகளை எடுக்கும் கேமராவிலும் விழும். பட்டுச்சேலைக் கோடும் கொசுவலையும் படத்தில் வளைந்து நெளிவது அதனால்தான். படம் எடுக்கிறவர்கள் இரண்டடி முன்னேயோ பின்னேயோ நகர்ந்தால் போதும், போய்விடும். படத்தைச் சிறிதாக்கும்போது அது புதிதாகவும் முளைக்கக்கூடும். அதனால் நுண்ணிய கோடுகள் உள்ள படத்துக்குக் கொஞ்சம் பெரிய இடம் ஒதுக்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓரங்களை வெட்டாதீர்கள். முகம் உள்ள படத்தில் ஓரம் போனாலும் முகம் மிஞ்சும். வரிசையில் முனை முக்கியம். அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அல்லது முடியாமல் சட்டத்துக்கு வெளியே போகிறதா என்பதை எடுத்தவர் யோசித்து வைத்திருப்பார். பத்தியின் அகலத்துக்காக வெட்டினால் பத்து வீட்டு வரிசை ஆறு வீட்டு வரிசை ஆகிவிடும். படத்தின் கீழே "அழகிய காட்சி" என்று போடுவதையும் நிறுத்துங்கள். எந்தத் தெரு, எந்தத் திசையை நோக்கி எடுத்தது, எந்த வருடம், எந்த மாதம் என்று ஒரே வரி போதும். இருபது வருடம் கழித்துத் தேடுகிறவருக்கு அந்த வரி இல்லாமல் படத்தால் பாதிப் பயன்கூட இருக்காது.

கடைசியாக ஒரு விண்ணப்பம். இடிந்துபோன குவார்ட்டர்ஸ், தோட்டத்து லயம், பழைய கடைவீட்டுத் தெரு ஆகியவை முனையிலிருந்து முனைவரை தெரியும் பழைய படம் எவரிடமாவது இருந்தால், அது கல்யாணப் படத்தின் பின்னணியாக இருந்தாலும் சரி, இந்தப் பக்கத்துக்கு அனுப்பும்படி நீங்கள் ஓர் அறிவிப்பு வெளியிட வேண்டும். அசலை அனுப்ப வேண்டியதில்லை. சன்னலோர வெளிச்சத்தில் வைத்துக் கைப்பேசியில் நேராக எடுத்து அனுப்பினாலே போதும். அறிவிப்பு வந்தால், செந்தூல் வட்டாரத்தில் வீடு வீடாகக் கேட்டு, எந்தத் தெரு, யார் குடியிருந்த வரிசை என்று விசாரித்து எழுதித் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர்,
செந்தூல், கோலாலம்பூர்.